கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

உக்காருங்க சார். இந்தக் கல்லுல உக்காருங்க, அந்தக் கல்லு ஆடும். புதுசா பேங்குக்கு மாத்தலாகி வந்திருக்க சாருதான நீங்க? தெரியும். நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சீனி இல்லாம டீ கேட்டீங்க. கோவில்பட்டிக்கு எவன் புதுசா வந்தாலும் மொதல்ல டீக்கடைக்காரருக்குத் தெரியும், அடுத்து எனக்குத் தெரியும். வாக்கிங் வந்தீங்களாக்கும்? நடந்தது போதும் சார். நடந்து நடந்து யாருக்கு என்ன கெடைச்சிருக்கு? இங்க உக்காந்து பத்து நிமிசம் பாருங்க, சிரிச்சே சுகர் எறங்கிரும்.

எம் பேரு பால்வண்ணம். பால்வண்ணம் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் மைக் செட் நம்மதுதான். இந்தா ஆடுதாங்களே, இது விடிவெள்ளி ஹாக்கி கிளப்பு. மே மாசம் டோர்னமென்ட். அதுக்கு முன்னால இந்தக் கோடைப் பயிற்சி. இன்னைக்குத்தான் கடைசி நாள். இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும் சார், டோர்னமென்ட்ல வர்ணனை மைக் யார் கையில இருக்கும்னு. வருசா வருசம் என் கையிலதான். இந்த வருசம் அதுல ஒரு சின்னச் சிக்கல். அந்தச் சிக்கல்தான் அந்தா கோல்ல நிக்கு, காலுல மெத்தையைக் கட்டிக்கிட்டு. கிளாட்வின்னு பேரு. அவன் சரின்னு சொன்னா மைக் எனக்கு. வேண்டாம்னு சொன்னா வேற ஆளு. எப்படி இருக்கு கதை? ஊருக்கே சவுண்டு கொடுக்கவன் வாயைத் தொறக்கலாமா வேண்டாமான்னு கோல் காக்குத ஒரு கோலி முடிவு பண்ணுவானாம்.

அதை விடுங்க. மொதல்ல டீமைச் சொல்லுதேன். பேங்க்ல இருக்கீங்க, எதுல பணம் போடக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிடுங்க.

நடுவுல இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்காரே, அவருதான் கேப்டன் சுடலைமணி. புல்பேக். வயசு என்னன்னு கேட்டா இருபத்தாறும்பான். நான் எப்பப் பிடிச்சோ கேட்டுக்கிட்டிருக்கேன், அந்த இருபத்தாறு முடியவே மாட்டேங்கு. அவன் மகன் ஸ்கூலுக்குப் போறான், இவன் வயசு போக மாட்டேங்கு. இவனைத் தாண்டி ஒருத்தன் பந்தைக் கொண்டு போனா, நின்னு திரும்பிப் பாப்பான் பாருங்க, கடைசி பஸ்ஸை விட்டவன் பாக்க மாதிரி. ஓட மாட்டான். எதுக்கு ஓடணும், அவன் போயிட்டான், இனி அவன் பாடு கோலி பாடு. அதுவும் ஒரு கொள்கைதான சார்?

அடுத்து அந்தத் தலையில பட்டை கட்டியிருக்கவன். ரித்திஷ். சென்டர் பார்வேர்டு. காலேஜ்ல படிக்கான். பந்து வந்தா ஒடனே வாங்க மாட்டான். முடியைச் சரி பண்ணிட்டுத்தான் வாங்குவான். பந்தும் பொறுமையா நிக்கணும். போன வருசம் ஒரு பெனால்டி கார்னர் அடிச்சான் பாருங்க, அந்தா மைதானத்துக்கு வெளியில டீக்கடை இருக்குல்ல, நேராப் போயி பாய்லர்ல பட்டுச்சு. நான் மைக்ல சொன்னேன், “பாய்லர் அற்புதமாகத் தடுத்துவிட்டது, ரசிகர்களே”ன்னு. ஒரே சிரிப்பு. அவனுந்தான் சிரிச்சான். பெறகு என்னமோ ஒரு மாசம் அந்தக் கடைப் பக்கமே வரல. பரீச்சை நேரமா இருக்கும்.

இந்த வருசம் கூர்க்குல இருந்து ஒரு ஆளை எறக்கியிருக்காங்க, பெல்லியப்பான்னு. நல்ல ஆட்டக்காரன், அதை மறுக்கல. ஆனா அவன் ஊரு குளிர்ல பொறந்தவன். நம்ம சித்திரை வெயிலைப் பார்த்ததும் ஆளு மெரண்டுட்டான். இடது ஓரத்துல ஆடுத லெப்ட் அவுட்டுன்னு சொல்லி எடுத்தாங்க. அவன் லெப்ட்டும் இல்ல ரைட்டும் இல்ல சார், அந்த வேப்பமரத்து நிழல் எங்க விழுதோ அங்க ஆடுதான். காலையில ஏழு மணிக்கு அவன் லெப்ட் அவுட். வெயில் ஏற ஏற நிழலோடயே வாரான், ஒம்பது மணிக்கு மரத்தடிக்கே வந்துருவான். நம்ம டோர்னமென்ட் சாயங்காலம், மைதானத்துல லைட்டு போட்டு நடக்கும். லைட்டுக்கு நிழல் கெடையாது. அவனை எங்க நிப்பாட்டுவாங்கன்னு எனக்கு ஒரே கவலை.

ஒரு நிமிசம் சார், ஷூட் அவுட் ஆரம்பிச்சிட்டாங்க. என் வேலை வந்திருச்சு.

“அன்பார்ந்த ஹாக்கி ரசிகப் பெருமக்களே! இதோ குளிர்ப் பிரதேசத்துச் சிங்கம் பெல்லியப்பா பந்துடன் வருகிறார்! அவரை எதிர்கொள்ள நமது கிளாட்வின் தலையணையைத் தேடிக்கொண்டிருக்கிறார்! ஏலே கிளாட்வின், பாய் விரிச்சாச்சா?”

அட. கிளாட்வின் பந்தைத் தட்டி விட்டுட்டான். பரவால்ல, பெல்லியப்பா வெயில்ல வந்துட்டான், கண்ணு கூசியிருக்கும்.

என்ன அப்படிப் பாக்கீங்க? இது என் உத்தியோகம் சார். சும்மா கத்தல. கோச் துரைசிங்கம் இருக்காருல்ல, அந்தா விசிலோட, அவரே இந்த நாற்காலியைப் போட்டு, “பால்வண்ணம், தெனமும் காலையில கோலுக்குப் பின்னால உக்காந்து கிளாட்வினைப் பத்தி மனசுல உள்ளதெல்லாம் பேசுங்க, கொறைக்காதீங்க”ன்னு சொன்னாரு. தொப்பி பாத்தீங்களா? கிளப்புத் தொப்பி. ஆட்டக்காரங்களுக்கும் கோச்சுக்கும் மட்டும்தான் இது. அசிஸ்டன்ட் கோச்சுன்னு வாயால சொல்லல, பொறாமைப்படுவாங்கள்ல மத்தவங்க. நான் புரிஞ்சுக்கிட்டேன்.

எப்படி வந்துச்சு இந்தப் பதவின்னு கேட்டீங்கன்னா, போன வருசத்துக்குப் போகணும். கேக்கலையா? பரவால்ல, சொல்லுதேன்.

போன வருசம் செமி பைனல். மதுரைப் பக்கத்து டீம். கூட்டம்னா கூட்டம், கேலரி நெறஞ்சு மதில் மேலயும் ஆளு. பாதிப்பேரு ஆட்டம் பாக்க வந்தவன், பாதிப்பேரு என் பேச்சைக் கேக்க வந்தவன். பெருமைக்குச் சொல்லல. தூத்துக்குடியில இருந்து ஒருத்தர் வந்து, “அண்ணாச்சி, ஆட்டம் தோத்தாலும் ஒங்க பேச்சுக்காக வரலாம்”னாரு. தோத்தாலும்னு அவரு சொன்னது நம்ம டீமை நல்லாத் தெரிஞ்சு சொன்னது.

ஆட்டம் சமமா முடிஞ்சிருச்சு. ஷூட் அவுட். ஒங்களுக்குத் தெரியாதுல்ல, சொல்லுதேன். ஒருத்தன் பந்தோட தூரத்துல இருந்து வருவான். கோலி தனியா நிப்பான். எட்டு செகண்டுக்குள்ள அவன் கோல் போடணும். அம்புட்டுதான். கிளாட்வின் நல்ல கோலிதான் சார், கையி காலு எல்லாம் நீளம், வேகம். ஒரே ஒரு கொறை. எவனாச்சும் பக்கத்துல வந்ததும் அவசரப்பட்டு தரையில விழுந்து படுத்துருவான். படுத்துட்டான்னா எந்திரிக்க நேரமாகும், உடம்பெல்லாம் மெத்தை கட்டியிருக்கான்ல? அவன் படுக்க வரைக்கும் காத்திருந்தா போதும், அவனைச் சுத்திக்கிட்டுப் போயி கோலுக்குள்ள பந்தை வச்சிட்டு வரலாம். இந்த ரகசியம் எங்க ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும். வந்த டீமுக்குத் தெரியாது.

அப்ப நான் மைக்ல ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு ஜோக்குதான். “மதுரை நண்பர்களே, அவசரம் வேண்டாம்! சற்றே பொறுத்திருங்கள்! நமது கிளாட்வின் தானாகவே படுத்துவிடுவார், பிறகு நீங்கள் சாவகாசமாகக் கடந்து செல்லலாம்!” அப்படின்னேன். சார், அந்தச் சிரிப்பை நீங்க கேட்டிருக்கணும். என் வாழ்க்கையில அப்படி ஒரு சிரிப்பு எந்த மேடையிலயும் வாங்குனதில்ல. மந்திரி பேசுன கூட்டத்துலகூட அப்படிச் சிரிச்சதில்ல.

மொத ஆளு வந்தான். வந்து நின்னான். சும்மா நின்னான் சார், பஸ்ஸுக்கு நிக்க மாதிரி. கிளாட்வின் படுத்தான். அவன் சுத்திக்கிட்டுப் போயிட்டான். அடுத்தவன் வந்தான், அவனும் நின்னான். அதுக்கடுத்தவனும் அப்படியே. வந்த எல்லாவனும் நின்னு, பாத்து, போட்டுட்டுப் போறான். தோத்தாச்சு. மதுரைக்காரங்க ரொம்பப் பொறுமையா ஆடுனாங்க சார், அதைச் சொல்லணும். பொறுமைங்கிறது நல்ல பழக்கம். நம்ம பயலுகளுக்கு அது கெடையாது.

என்ன, நான் சொல்லித்தான் அவங்க நின்னாங்கன்னு நெனைக்கீங்களா? பேங்க்காரங்கன்னா சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அப்படித்தான் ஊருல கொஞ்சப்பேரு பேசுதாங்க. நான் ஒண்ணு கேக்கேன். நான் படுக்கச் சொன்னேனா? அவனா படுத்தான். நான் பாத்ததைச் சொன்னேன். வர்ணனைன்னா பாத்ததைச் சொல்லுததுதான? மழை பெய்யுதுன்னு ரேடியோவுல சொன்னா, ரேடியோதான் நனைச்சிருச்சுன்னு எவனாச்சும் சொல்லுவானா?

ஆட்டம் முடிஞ்சதும் இவன் நேரா என் மேசைக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழட்டியிருந்தான், முகமெல்லாம் தண்ணி, வேர்வையா என்னன்னு தெரியல. கையில இருந்த ரெண்டு உறையையும் கழட்டி என் ஆம்ப்ளிஃபயர் மேல வச்சிட்டுப் போயிட்டான். ஈர உறை சார்! ஆம்ப்ளிஃபயர் மேல ஈரத்தை வைக்கலாமா? ஷார்ட் ஆகியிருந்தா யாரு பொறுப்பு? ஓடிப்போயி துணியால தொடச்சேன். படிச்ச பயலுக்கு அது தெரிய வேண்டாமா? அவங்க அம்மாவும் வந்திருந்தாங்க. ஷூட் அவுட் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. அடுப்புல எதையாச்சும் வச்சிட்டு வந்திருப்பாங்க, பொம்பளைகளுக்கு ஆட்டம் முக்கியமா.

அதுக்குப் பெறகு அவன் ஆட வரல. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதப் போயிட்டான். ரோட்டுல என்னைப் பாத்தா எதிர்ப் பக்கம் போயிருவான். நான் “ஏலே கிளாட்வின்”னு சத்தம் கொடுப்பேன், நமக்குத்தான் சத்தத்துக்குக் கொறை இல்லையே, திரும்ப மாட்டான். காது மந்தமாயிருச்சோன்னு நம்ம வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். “அவன் காது நல்லாத்தான் இருக்கு, அதான் பிரச்சினை”ன்னா. அவ எப்பவும் இப்படித்தான், ஒண்ணும் புரியாம எதாச்சும் சொல்லுவா.

இருங்க சார், ரித்திஷ் வாரான்.

“முடி அலங்காரம் முடிந்து நமது அழகன் ரித்திஷ் புறப்பட்டுவிட்டார்! கிளாட்வினின் கண்கள் மெல்ல மெல்லச் சொக்குகின்றன! இதோ, இதோ, இன்னும் சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்கும்! படுலே, படு!”

நிக்கான். படுக்காம நிக்கான் பாருங்க. ரித்திஷுக்கு எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. வெளியில அடிச்சிட்டான். டீக்கடைக்காரரு குனிஞ்சுட்டாரு, இந்த வருசம் அவரும் பயிற்சியில இருக்காரு.

எங்க விட்டேன்? ஆங், இந்த வருசம் ஏப்ரல் பொறந்ததும் பயிற்சி ஆரம்பிச்சிட்டாங்க, கோல்ல நிக்க ஆளில்ல. சுடலைமணி என்ன பண்ணான், தன் மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்தான். அரிசிக்கடை வச்சிருக்காரு. ஆளு நல்ல சரீரம். கோலை அடைச்சுக்கிட்டு நின்னாரு பாருங்க, சர்க்கஸ் கூடாரம் மாதிரி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் சந்து இருந்துச்சு. எல்லாப் பந்தும் அது வழியாப் போச்சு. ஒரு பந்து வயித்துல பட்டுச்சு, அன்னையோட அவரு கடைக்குப் போயிட்டாரு. அரிசி வெலையை வேற ஏத்திட்டாருங்காங்க.

பெறகுதான் கோச்சும், செயலாளர் சீனிவாசகமும் என் வீட்டுக்கு வந்தாங்க. சீனிவாசகம் கடலைமிட்டாய்க் கடை வச்சிருக்காரு, எப்பவும் கையில ஒரு பொட்டலம் இருக்கும். அன்னைக்கு ரெண்டு பொட்டலம் கொண்டாந்தாரு. அப்பவே எனக்குத் தெரியும், விசயம் பெருசுன்னு. காப்பியைக் குடிச்சிட்டு அவரு சொல்லுதாரு, “அண்ணாச்சி, கிளாட்வின் வாரேங்கான். ஆனா மைக்ல நீங்க இருந்தா வரலையாம்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாருக்குப் புரியுதா? கிளப்பு ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஒத்தப் பைசா வாங்காம மைக் கட்டுதவன் நான். மழையில நனைஞ்சு குழாய் ஸ்பீக்கரைக் கெட்டியிருக்கேன். இவன் டவுசர் போட்டுக்கிட்டு பந்து பொறுக்குன காலத்துலயே நான் மைக்ல பேசுனேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. உள்ளதைச் சொல்லுதேன், மைக் இல்லன்னா நான் யாரு சார்? வாடகைக்குக் குழாய் கெட்டுதவன். டோர்னமென்ட் நடக்குத அந்த நாலு நாளுதான் நான் பால்வண்ணம். எதுத்தாப்புல வாரவன் எல்லாம், “அண்ணாச்சி, நேத்து ஒரு போடு போட்டீங்களே”ம்பான். அதை வச்சுத்தான் வருசம் பூரா ஓடுது.

கோச்சுதான் ஒரு வழி சொன்னாரு. கிளாட்வின்கிட்டப் போயி, “வெளியூருக்காரன் ரசிகன் இதைவிட மோசமாப் பேசுவான்டா, அதுக்கெல்லாம் படுத்துருவியா? பழகிக்கோ. முகாம் முடியுத வரைக்கும் பால்வண்ணம் ஒனக்குப் பின்னால உக்காந்து பேசட்டும். கடைசி நாள் நீயே சொல்லு, மைக் அவருக்கா வேண்டாமான்னு”ன்னு சொல்லியிருக்காரு. அவனும் ஒரு நாள் யோசிச்சு சரின்னுட்டான். என்கிட்ட வந்து கோச் சொன்னது, “இந்தப் பயலைத் தேத்துறதுக்கு ஒங்க வாயை விட்டா வேற மருந்து இல்ல.” மருந்துங்காரு சார்! நாட்டு மருந்து கசக்கத்தான் செய்யும்.

மொத நாள் நான் வாயைத் தொறந்ததும் ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு மரத்தடியில போயி உக்காந்துட்டான். கோச் போயி பேசிக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அடுத்த ரெண்டு மூணு நாள் காது ரெண்டும் செவந்து போயி நிப்பான். நான் ஒரு வார்த்தை சொல்ல, அவன் தொப்புன்னு விழ, ஒரே கூத்து. ஒரு நாள் திரும்பி நின்னு, “நிறுத்துங்க அண்ணாச்சி”ன்னு கத்துனான். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நான் நிறுத்தல. மருந்தைப் பாதியில நிறுத்தலாமா? பெறகு மெள்ள மெள்ளச் சிரிக்க ஆரம்பிச்சான். நான் சொல்லுத ஜோக்குக்கு அவனே சிரிப்பான். அது எனக்கு ரொம்பச் சந்தோசம் சார். வீட்டுல உக்காந்து எழுதி வச்சு, ராத்திரியெல்லாம் யோசிச்சு, புதுசு புதுசாக் கொண்டு வருவேன். ஒரு மனுசனுக்காக இம்புட்டு மெனக்கெட்டது எங்க கல்யாணத்துக்கப்பறம் இதுதான்.

இந்த வாரம் சிரிக்கக்கூட மாட்டேங்கான். மரியாதை வந்திருச்சுன்னு நெனைக்கேன். குருன்னு ஒரு எண்ணம் வந்துட்டா சிரிப்பு அடங்கிரும்ல?

அந்தா சீனிவாசகம் வந்துட்டாரு, பொட்டலத்தோட. முடிவு கேக்கத்தான் வாரார். இது கடைசி ஷூட் சார். ரித்திஷே மறுபடி அடிக்கான். இதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன், கேளுங்க.

“பெருமக்களே! போன வருடம் கிளாட்வினின் அருமைத் தாயார் பாதி ஆட்டத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு எழுந்து சென்றார்! இந்த வருடமாவது அந்தத் தாய் தன் மகன் நின்றுகொண்டிருப்பதைக் கண்ணாரக் காண்பாரா? இல்லை, வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகத்தான் வருவாரா?”

என்ன எல்லாரும் இப்படித் திரும்பிப் பாக்காங்க? சுடலைமணி எதுக்கு மொறைக்கான்? கோச் விசிலை வாயில இருந்து எடுத்துட்டாரு. பெல்லியப்பாவுக்குத் தமிழே தெரியாது, அவனும் பாக்கான். நீங்க எதுக்கு சார் தலையைக் குனியுதீங்க? ஜோக்குதான இது?

அந்தா பாருங்க, ரித்திஷ் வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பாத்து நின்னுட்டான், பந்து அது பாட்டுக்கு உருண்டு போகுது. கிளாட்வின் நிதானமா முன்னால வந்து, காலால ஒரு எத்து. மைதானத்துக்கு வெளியில போயிருச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அவன் மட்டும் பாக்கல சார். பந்தை மட்டும்தான் பாத்தான். தோளு கூட அசையல.

ஜெயிச்சிட்டான் பய. ஒரு கோல் விடல இன்னைக்கு. என் மருந்து. என் மருந்துதான் சார்.

வாரான். ஹெல்மெட்டைக் கழட்டுதான். சும்மா இருங்க, சீனிவாசகம் கேக்காரு.

“என்ன கிளாட்வின், கடைசி நாள் சொல்லுதேன்னியே. மைக்கை அண்ணாச்சிகிட்டக் கொடுக்கட்டுமா, விளாத்திகுளத்துக்காரரை வரச் சொல்லட்டுமா?”

“அண்ணாச்சியே பேசட்டும் சார். எனக்கு ஒண்ணுமில்ல.”

“இப்ப அம்மாவைப் பத்திப் பேசுனதுக்கப்பறமுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா.”

“அம்மாவைப் பத்தியா? என்ன சொன்னாரு?”

“கேக்கலையா ஒனக்கு?”

“இல்ல சார். மொதல்ல ஒவ்வொரு வார்த்தையும் உள்ள எறங்கும், ராத்திரி படுத்தா திரும்பத் திரும்ப வரும். இப்ப ஒரு வாரமா ஒண்ணும் விழ மாட்டேங்கு. பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டுல ரேடியோ பாடுமே, அது மாதிரி. பாடுதா நிறுத்திட்டாங்களான்னு கூடத் தெரியல. அண்ணாச்சி பேசட்டும், பாவம். வாரேன் அண்ணாச்சி, ஆபீஸுக்கு நேரமாச்சு.”

போயிட்டான்.

கேட்டீங்களா சார்? மைக் நமக்குத்தான்! விளாத்திகுளத்துக்காரனாம், விளாத்திகுளத்துக்காரன், அவன் சாவு வீட்டுக்கு மைக் கட்டுதவன். செயலாளர் முன்னாலயே சொல்லிட்டான், அண்ணாச்சியே பேசட்டும்னு. இந்தாங்க கடலைமிட்டாய், எடுத்துக்கிடுங்க, சீனிவாசகம் கொடுத்துட்டுப் போறாரு. ஓ, ஒங்களுக்குச் சீனி ஆகாதுல்ல. நான் சாப்பிடுதேன்.

பாவம்னான். அது யாரைச் சார் சொன்னான்? அவங்க அம்மாவையா?

கோச் வந்து நாற்காலியை எடுக்கச் சொல்லுதாரு. முகாம் முடிஞ்சிருச்சுல்ல, இனி வேலை இல்லையாம். எந்திரிச்சிட்டேன், எடுத்துக்கிட்டுப் போகட்டும். தொப்பியைக் கேக்கல. தொப்பி இருக்கட்டும்.

சந்தோசப்படணும்ல நான்? டீமுக்குக் கோலி கெடைச்சாச்சு, எனக்கு மைக் கெடைச்சாச்சு. ஆனா சந்தோசம் வர மாட்டேங்கு சார். வேண்டாம்னு சொல்லியிருந்தாக் கூட, என் பேச்சுக்குப் பயந்துட்டான்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். சட்டையைப் பிடிச்சிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். ராத்திரி பூரா யோசிச்சு யோசிச்சுக் கொண்டாந்தேன். ஒரு வாரமா ஒண்ணுமே விழலையாம். அந்தப் புதுத் தலையணை ஜோக்கும் விழலையாம். ரெண்டு கிலோமீட்டருக்குக் கேக்கும் சார் நம்ம குழாய், நாலு அடியில நின்னவனுக்குக் கேக்கலையாம். அழுகை வருது சார், வெக்கமா இருக்கு.

மே மாசம் நான் மேசை போட்டு உக்காந்து பேசுவேன். கூட்டம் சிரிக்கும். சிரிக்கும்தான? இப்பப் பாருங்க, இம்புட்டு நேரம் பேசுனேன், நீங்க ஒரு வாட்டி கூடச் சிரிக்கல. அந்தப் பாய்லருக்குக் கூடச் சிரிக்கல.

எங்க சார் எந்திரிச்சிட்டீங்க? பேங்க் தொறக்க இன்னும் நேரம் இருக்கே. உக்காருங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க சார். நான் பேசல. நீங்க எதாச்சும் பேசுங்க, நான் கேக்கேன்.